புகை தங்கிய இடம்

என் சிறுநீர்ப்பையின் உட்பக்கத்தை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னால் சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள், சிலர் பேச்சை மாற்றுகிறார்கள். எனக்கோ இன்னும் வியப்பு தீரவில்லை. கண்டியில் இருபத்திரண்டு வருடமாகத் தீயணைப்பு வேலை செய்கிறவன் நான். எரிகிற கடைகளுக்குள் போயிருக்கிறேன். வறட்சிக் காலத்தில் மலை முழுவதும் பற்றிக்கொண்டு இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தத் திரையில் பார்த்ததைப் போல ஒன்றை எங்கேயும் பார்த்ததில்லை. அதை ஏன் பார்க்க வேண்டி வந்தது, பிறகு என்ன ஆனது என்பதை எழுதிவைக்கிறேன். எங்கள் தொழிலில் இருக்கிற யாராவது படித்தால் வெட்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு நேரத்தோடு டொக்டரிடம் போவார்கள் என்ற ஆசைதான்.

என் பெயர் யோகேஸ்வரன். எல்லோருக்கும் யோகா. அம்பிட்டியவில் வீடு. மனைவி வசந்தி முன்பள்ளி ஆசிரியை. ஒரே மகள் தர்ஷினி உயர்தர வகுப்பில், ஏ.எல். கணிதப் பிரிவில் படிக்கிறாள்.

ஒரு நாள் நகரத்துக்குள் ஒரு களஞ்சியம் எரிந்தது. மெத்தைகளும் பிளாஸ்டிக் சாமான்களும் கூரைவரை அடுக்கிவைத்திருந்த இடம். காலையில் போனோம், மத்தியானம் ஆகும்போது சுவாலை அடங்கிவிட்டது. சுவாலை அடங்கினால் வேலை முடிந்துவிடாது. உள்ளே போய், சாம்பலைக் கிளறி, எங்கே தணல் ஒளிந்திருக்கிறது என்று தேடித் தேடித் தண்ணீர் அடிக்க வேண்டும். அதுதான் நீளமான வேலை. அந்த நேரத்தில் நாங்கள் முகமூடியைக் கழற்றிவிடுவோம். முதுகில் இருக்கும் காற்றுச் சிலிண்டர் அடுத்த நெருப்புக்கு வேண்டுமே என்பது ஒரு காரணம். அதைச் சுமந்துகொண்டு குனிந்து நிமிர்வது கஷ்டம் என்பது இன்னொன்று. நெருப்பே போய்விட்டது, இனி முகமூடி எதற்கு, யாருக்கு அலங்காரம் என்ற கேலிதான் உண்மையான காரணம்.

வேலை முடிந்ததும் வண்டிப் படியில் உட்கார்ந்து சோத்துப் பார்சலைப் பிரித்தோம். கை கழுவினோமா என்று கேட்காதீர்கள். ஒரு தடவை தண்ணீரில் காட்டிவிட்டு, கறுத்த விரல்களாலேயே பருப்பைப் பிசைந்து சாப்பிட்டோம். எங்கள் தடித்த மேல்சட்டைகளையும் நாங்கள் கழுவுவதில்லை. புகை படிந்து கறுத்துப்போன சட்டைதான் அனுபவசாலியின் அடையாளம். புதுசாக வேலைக்கு வந்தவனின் சட்டை பளிச்சென்று இருந்தால், “கல்யாணத்துக்கா வந்திருக்கிறாய்?” என்று கேட்டே அவனைச் சாகடித்துவிடுவோம்.

மறுநாள் காலை சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி இல்லை, எரிச்சல் இல்லை, பீட்ரூட் தண்ணீரின் நிறம் மட்டும். எங்கள் நிலையத்தில் இதற்கு ஒரு விளக்கம் எப்போதோ முடிவாகியிருந்தது. நெருப்புக்குப் பக்கத்தில் நின்றால் உடம்பு சூடேறும், சூடு சிறுநீரில் இறங்கும், தெம்பிலி குடித்தால் அடங்கும். தெம்பிலி என்று நாங்கள் சொல்வது செவ்விளநீரை. பெரிய நெருப்புக்கு மறுநாள் குலை குலையாக வாங்கிவந்து வெட்டிக் குடிப்போம்.

நான் அதை நிஸாம் நானாவிடம் மட்டும் சொன்னேன். எங்கள் தண்ணீர் வண்டியின் டிரைவர் அவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர்; முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் நானும் ‘நானா’ என்பேன். கண்டியின் வளைவுகளில் அந்தப் பெரிய வண்டியை நிறைந்த தண்ணீரோடு அவர் ஓட்டுகிற லாவகத்தைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும்.

“நானா, காலைல சிவப்பா போகுது.”

“ஒன்னும் இல்ல யோகா, சூடு. எனக்கும் போன மாசம் ரெண்டு தரம் அப்பிடித்தான் வந்த. தெம்பிலி குடிச்ச, சரியாப் போன. நீ யாருட்டயும் செல்லாத. மெடிக்கலுக்கு அனுப்பிப் போடுவானுகள். என்ன வண்டியில இருந்து எறக்கினா நான் வீட்டுல இருந்து என்ன செய்ற?”

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இரண்டு நாளில் எனக்கும் நின்றுவிட்டது. நின்றதுதான் பிசகு. விடாமல் வந்திருந்தால் பயந்துபோய் எங்கேயாவது காட்டியிருப்பேன். வந்து, நின்று, இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்து, மறுபடி நின்று, இப்படியே பத்து மாதம் போனது. ஒவ்வொரு தடவையும் தெம்பிலி குடித்தேன், ஒவ்வொரு தடவையும் அது நின்றது. அதனால் தெம்பிலிதான் நிறுத்தியது என்று முழு மனதோடு நம்பினேன்.

ஊருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுகிற நான் ஒரு நாள் காலையில் கழிப்பறையில் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன். எனக்குப் பின்னால் போன வசந்தி அங்கிருந்தே கூப்பிட்டாள்.

“என்னங்க இது? எத்தன நாளா இப்படி?”

“சூடு வசந்தி. அப்பப்ப வரும்.”

“அப்பப்பன்னா?”

“ஒரு பத்து மாசமா.”

“பத்து மாசமா ஒரு மனுசனுக்குச் சூடு இருக்குமா? சட்டைய போடுங்க. நா இன்னைக்கு ஸ்கூலுக்குப் போகல.”

பெரியாஸ்பத்திரியின் கிளினிக்கில் நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதல் பஸ்ஸில் புசல்லாவையிலிருந்தும் பன்விலவிலிருந்தும் வந்தவர்கள் ஏற்கெனவே உட்காரும் வாங்குகளை நிறைத்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த தேயிலைத் தோட்டத்துக்காரர் என் கார்டை எட்டிப் பார்த்துவிட்டு, “நமக்கு அடைச்சுக்கிச்சு, ஒங்களுக்கு ஒழுகுதாக்கும்?” என்று கேட்டார். வசந்திகூடச் சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். ஸ்கேன் அறையில் என் அடிவயிற்றில் குளிர்ந்த ஜெல்லைத் தடவிப் பார்த்த டொக்டர் ஒரே இடத்தில் கையை நிறுத்தினார். அப்புறம் படத்தை மூன்று தடவை எடுத்தார். சிறுநீர்ப்பைக்குள் ஏதோ வளர்ந்திருப்பதாக எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் என்னைப் பார்க்கப்போகிற பெரிய டொக்டரிடம் போனோம். நாற்பது வயதிருக்கும் சிங்களப் பெண்மணி. மெல்லப் பேசுகிறவர். சிங்களத்தில்தான் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன். முதலில் சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்டார். வாழ்நாளில் தொட்டதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

“ஒரு வீடு எரியும்போது அங்கிருக்கிற சோபா, பெயின்ட், வயர், மெத்தை எல்லாமே காற்றாகிறது. அதைத்தான் நீங்கள் சுவாசிக்கிறீர்கள்,” என்றார். “சுவாசிப்பது மட்டுமில்லை. வேர்க்கும்போது கழுத்தால், தோலால் உள்ளே போகிறது. கையில் படிந்த கரி சோற்றோடு போகிறது.”

பிறகு ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்தார். உள்ளே போன நஞ்சு இரத்தத்தில் கலக்கும். இரத்தத்தைச் சிறுநீரகங்கள் வடிகட்டும். வடிகட்டிய அழுக்கு சிறுநீரோடு இறங்கி, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்காகக் காத்திருக்கும். காத்திருக்கிற நேரமெல்லாம் அது பையின் உட்சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். வருடக்கணக்காகத் தொட்டால் சுவரின் உயிரணுக்கள் சில கெட்டுப்போகும். தீயணைப்பு வேலையையே புற்றுநோய்க்குக் காரணமாகும் தொழில்களில் ஒன்றாக உலகத்தில் இப்போது சேர்த்திருக்கிறார்கள் என்றும், அதில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் முக்கியமானது என்றும் சொன்னார். நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அணைத்துவிட்டு மறந்துபோன நெருப்புகளையெல்லாம் என் உடம்பு மறக்கவில்லை. ஒவ்வொன்றையும் வடிகட்டி, வெளியே தள்ளி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருபத்திரண்டு வருடம் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. பயத்தைவிட எனக்கு முதலில் வந்தது வெட்கம்தான்.

“உங்கள் நிலையத்தில் வேறு யாருக்காவது இப்படிப் போகிறதா?” என்று கேட்டார்.

“தெரியாது,” என்றேன். அது பொய். நிஸாம் நானாவுக்குக் கொடுத்த வாக்கு வாயை மூடியது. அந்தப் பொய்யோடுதான் அறையிலிருந்து வெளியே வந்தேன்.

அடுத்த வாரம் கமரா விட்டுப் பார்த்தார்கள். நுனியில் விளக்கும் கமராவும் உள்ள, வளைகிற மெல்லிய குழாய் அது. சிறுநீர் வருகிற வழியாலேயே உள்ளே விடுவார்கள். கேட்கவே கால் கூசும், எனக்கும் கூசியது. மரத்துப்போகிற ஜெல் போட்டிருந்ததால் வலியைவிட அருவருப்புத்தான் அதிகம். பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்திருந்த என்னிடம் டொக்டர், விருப்பமென்றால் திரையைப் பார்க்கலாம் என்றார்.

பார்த்தேன். வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு குகை. சுவரெல்லாம் மெல்லிய சிவப்பு நரம்புகள், வரைபடத்தில் ஆறுகள் பிரிகிறதுபோல் பிரிந்து பிரிந்து போயின. கீழ்ப்பக்கத்தில் இரண்டு சின்ன வாய்கள் இருந்தன. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஒரு வாய் திறந்து ஒரு பீச்சு பீச்சிவிட்டு மூடிக்கொண்டது. பிறகு மற்றது. அது என்ன என்று கேட்டேன். சிறுநீரகங்களிலிருந்து தண்ணீர் வந்து விழுகிற இடம் என்றார். நான் பம்புகளோடு வாழ்கிறவன். டீசல் இல்லாமல், கிரீஸ் இல்லாமல், பிறந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட நிற்காமல் எனக்குள் இரண்டு பம்புகள் இப்படி மாறி மாறி வேலை செய்துகொண்டிருப்பதை நாற்பத்தாறு வயதில்தான் பார்க்கிறேன். கண் கலங்கிவிட்டது. வலிக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்று தலையாட்டினேன்.

பிறகு கமரா திரும்பியது. நெல்லிக்காய் அளவில் ஒன்று, பக்கத்தில் மிளகு அளவில் ஒன்று. சின்னச் சின்ன விரல்களாகக் கிளைத்து, உள்ளே இருந்த தண்ணீரில் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. உண்மையைச் சொல்கிறேன், பார்க்க அழகாக இருந்தன. டொக்டர் இரண்டையும் படமெடுத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்த பிறகு விளக்கினார். சிறுநீர்ப்பையின் சுவர் பல அடுக்கு. உள் அடுக்கில் மட்டும் கட்டி இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு மருந்து கொடுக்கலாம், பையைக் காப்பாற்றலாம். வெளியே இருக்கிற தசைக்குள் வேர் விட்டிருந்தால் பையையே எடுக்க வேண்டி வரலாம். எடுத்தால் வயிற்றில் ஒரு துவாரம், அதில் ஒட்டிய ஒரு வெளிப்பை, அதோடுதான் மிச்ச வாழ்க்கை. அதிலும் உயிருக்கு உத்தரவாதமில்லை. எது என்று கட்டியை எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும்.

அப்போது வசந்தி ஒரு கேள்வி கேட்டாள். அவ்வளவு நாளும் அவள் மனதில் அது இருந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த சிங்களத்தில் கொஞ்சம், தமிழில் கொஞ்சம், இடையில் என்னைப் பார்த்து, “சொல்லுங்க டொக்டர்கிட்ட, இவரு வேலைக்கு உள்ள போட்டுட்டு வர்ற உடுப்பெல்லாம் நாந்தானே தொவைச்சேன். புள்ள யூனிபோமோட ஒரே பேசன்ல போட்டு. எம்புள்ளைக்கு ஏதும் ஆகுமா?”

டொக்டர் எழுந்துவந்து அவள் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். அப்படிப் பட்டது கொஞ்சம்தான், பயப்பட வேண்டாம், ஆனால் இனிமேல் அந்த உடுப்பு வீட்டுக்குள் வரவே கூடாது என்றார். வசந்தி தலையாட்டினாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு நெருப்பைக் கொண்டுவந்தவன் நான்தான் என்று அன்றைக்குப் புரிந்தது.

ஆபரேஷனுக்கு முதுகில் ஒரு ஊசி போட்டார்கள். சில நிமிடத்தில் இடுப்புக்குக் கீழே என் கால்கள் யாருடைய கால்களோ ஆகிவிட்டன. முழித்துக்கொண்டே கிடந்தேன். வயிற்றைக் கிழிக்கவில்லை. முன்பு கமரா போன வழியாலேயே கருவியை விட்டு, நுனியிலுள்ள மெல்லிய கம்பி வளையத்தால் கட்டியை வழித்து எடுத்தார்கள். கம்பியில் மின்சாரம் ஓடுமாம், வெட்டுகிறபோதே பொசுக்கி இரத்தத்தையும் நிறுத்துமாம். அதுவும் சிறுநீர்ப்பைக்குள் திரவத்தை நிரப்பி வைத்துக்கொண்டு, அதற்குள்ளேயே. தண்ணீருக்குள் எரிகிற நெருப்பா என்று நான் கேட்டதும் முகக்கவசங்களுக்குப் பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

பிறகு மூன்று நாள் ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தேன். மூன்று கிளையுள்ள ஒரு குழாயை உள்ளே வைத்திருந்தார்கள். ஒரு கிளையால் சேலைன் உள்ளே போகும், ஒன்றால் வெளியே வரும், மூன்றாவது, குழாய் நழுவாமலிருக்க உள்ளே ஒரு சின்ன பலூனை ஊதிப் பிடித்திருக்கும். இரத்தம் கட்டியாகி அடைத்துவிடாமல் ஓயாமல் கழுவிக்கொண்டிருக்கிற ஏற்பாடு. எங்கள் வாட்டில் ஒருவருக்கொருவர் குசலம் விசாரிப்பது முகத்தைப் பார்த்து அல்ல, கட்டிலடியில் தொங்குகிற பையைப் பார்த்துத்தான். சிவப்பு ரோஸாகி, ரோஸ் வைக்கோல் நிறமாகிறவர் அதிர்ஷ்டசாலி.

அந்தப் பைகளையெல்லாம் கவனித்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வேலை செய்கிற தாதி, சிவரூபி மிஸ்ஸி. முப்பது கட்டில், முப்பது குழாய். யாருடைய பை எப்போது நிரம்பும் என்று பார்க்காமலே அவருக்குத் தெரியும்.

“அண்ணை, தண்ணி நல்லாக் குடியுங்கோ. நீங்கள் நெருப்பு அணைக்கிற ஆள்தானே, உங்களுக்கு நான் சொல்லித் தரோணுமே?”

“எரியுது மிஸ்ஸி.”

“ஓம், எரியும். ரெண்டு நாள். பிறகு இந்த எரிச்சலை நீங்களே மறந்துபோவியள்.”

என்னிடமிருந்து போன ஒவ்வொரு துளியையும் முகம் சுளிக்காமல் அளந்து எழுதினார். நாங்கள் ஒரு நெருப்பை அணைத்துவிட்டு வந்தால் தெருவில் ஆட்கள் கைதட்டுவார்கள். இந்தப் பிள்ளைக்கு யாரும் கைதட்டி நான் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் பின்னேரம் நிஸாம் நானா வந்தார். கையில் என்ன? ஒரு குலை தெம்பிலி. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கட்டிலடியில் தொங்கிய பையை ஒரு தடவை பார்த்தார், அப்புறம் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

“நானா, இது சூடு இல்ல. கேன்சர். டொக்டர் ஒங்களயும் பாக்கணும்.”

“நீ என்னயப் பத்திச் சென்னியா?” முகம் மாறிவிட்டது.

“இன்னும் சொல்லல. நீங்களா போங்க. சின்ன குழாய்தான், பத்து நிமிசம்.”

“எனக்கு இப்ப ஒன்னும் இல்ல யோகா. ரெண்டு மாசமா சுத்தமா ஈக்கி. நீ ஒன்ட ஒடம்பப் பாரு. அல்லாஹ் காப்பாத்துவான்.”

எனக்கும் இரண்டு மாதம் சுத்தமாக இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். பார்வையாளர் நேரம் முடிந்த மணி அடித்தது. இவ்வளவு வேகமாக ஒருவர் எழுந்துபோனதை நான் பார்த்ததில்லை.

பரிசோதனை முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். வசந்தி சுவரிலிருந்த கலண்டரைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். தர்ஷினி சமையலறையிலிருந்த அளவுச் சாடியை எடுத்து எனக்கென்று ஒதுக்கினாள். குடித்த தண்ணீர், போன சிறுநீர் இரண்டையும் வரைபுத்தாளில் இரண்டு நிறத்தில் கோடாகப் போட்டாள். “அப்பா, நேத்து பச்சக் கோடு கீழ எறங்கிருச்சு, இன்னும் ரெண்டு கப் குடிங்க,” என்பாள். பரீட்சைக்கு ஐந்து மாதம் இருந்த பிள்ளை, அப்பனின் மூத்திரத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தாள்களை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

முடிவு வந்த அன்று டொக்டர் அறைக்குள் போவதற்கு முன் வசந்தி என் கையைப் பிடித்தாள். கல்யாணமான புதிதில்கூட வெளியிடத்தில் அவள் கை பிடித்ததில்லை. டொக்டர் தாளை எங்கள் பக்கம் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தார். தசைக்குள் போகவில்லை. ஆனால் வேகமாக வளரும் ரகம், விட்டால் திரும்ப வரும். இன்னும் சில மாதம் தெம்பிலி குடித்துக்கொண்டிருந்தால் இந்த வரி வேறு மாதிரி இருந்திருக்கலாம் என்றார். திட்டவில்லை, சும்மா சொன்னார். வசந்தி அழுது முடிக்கும்வரை அடுத்த நோயாளியைக் கூப்பிடாமல் காத்திருந்தார்.

அதற்குப் பிறகு கொடுத்த மருந்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பிறந்த குழந்தைக்குத் தோளில் காசநோய்த் தடுப்பூசி போடுவார்களே, எல்லோருக்கும் ஒரு தழும்பு இருக்குமே, அதே மருந்துதான். பலவீனமாக்கிய, உயிருள்ள கிருமி. அதைக் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விடுவார்கள். இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும், இடப்பக்கம், வலப்பக்கம், குப்புற என்று மாறி மாறிப் படுக்க வேண்டும், எல்லாச் சுவரிலும் படட்டும் என்று. வாரம் ஒரு தடவை, ஆறு வாரம். கிருமியைக் கண்டதும் உடம்பின் காவல்காரர்கள் திரண்டு வருவார்களாம். வந்த இடத்தில், தப்பி ஒளிந்திருக்கிற கெட்ட அணுக்களையும் சேர்த்து அடிப்பார்களாம். மருந்து கொல்வதில்லை, உடம்பைத் தட்டி எழுப்புகிறது, கொல்வது உடம்புதான். இதை முதலில் யார் யோசித்தார்கள் என்று நினைத்து நினைத்து மலைத்துப் போனேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும், கழிப்பறைக் கோப்பைக்குள் கிருமி நாசினி ஊற்றிப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். நான்காம் வாரம் காய்ச்சல், மிளகாய்த்தூளைக் கரைத்துவிட்டதுபோல் எரிச்சல். உள்ளே சண்டை நடக்கிறது, நடக்கட்டும் என்று போர்த்திக்கொண்டு படுத்தேன்.

மருந்தெல்லாம் முடிந்து மறுபடி கமரா விட்டுப் பார்த்தபோது கட்டி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் இருந்தது. இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வர வேண்டும், வருடக்கணக்காக வர வேண்டும் என்றார் டொக்டர். நான் எழுந்து உடுப்பைச் சரிசெய்துகொண்டு, “டொக்டர், அன்றைக்கு நான் பொய் சொன்னேன்,” என்றேன்.

பெயர் சொல்லவில்லை. ஒருவர் இருக்கிறார், வரமாட்டேன் என்கிறார் என்று மட்டும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஒரு பெட்டிச் சோதனைப் பட்டிகளும் சின்னப் போத்தல்களும் எடுத்துக் கொடுத்தார். பட்டியை நனைத்தால் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தையும் அதிலுள்ள மஞ்சள் கட்டம் பச்சையாகிக் காட்டும். நிறம் மாறினால் உடனே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, கல்லாகவும் இருக்கலாம். நிறம் மாறாவிட்டாலும், ஒரு தடவையாவது சிவப்பாகப் போயிருந்தால் அவர் வரத்தான் வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

நிலையத்தில் எனக்கு இப்போது தொலைபேசி வேலை. எங்கள் பொறுப்பதிகாரி நல்ல மனிதர். காலை அணிவகுப்பில் எல்லோரையும் நிற்கவைத்து என்னைப் பேசச் சொன்னார். குகையையும், இரண்டு சின்ன வாய்களையும், அசைந்த விரல்களையும் சொன்னேன். சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் சிரிக்கவில்லை. பொறுப்பதிகாரி முதல் போத்தலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பிறகு வரிசை தானாக நின்றது. எரிகிற கூரையின் மேல் ஏறுகிறவர்கள், ஒரு விரல் நீளப் போத்தலைக் கையில் மறைத்துக்கொண்டு பெண் பார்க்கப் போகிறவர்களைப் போலக் கூச்சத்தோடு நின்றார்கள்.

ஒவ்வொரு போத்தலாக வந்தது. பெயரை ஒட்டி வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றும் கையில் இளஞ்சூடாக இருந்தது. கடைசியாக நிஸாம் நானா கொண்டுவந்து வைத்துவிட்டு, வண்டியைத் துடைக்க வேண்டும் என்று போய்விட்டார். எடுத்தேன். குளிர்ந்திருந்தது.

மற்றவர்கள் முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. போத்தலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனேன்.

“நானா, இது பைப் தண்ணி.”

துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நெறத்துக்குக் கொஞ்சம் ப்ளேன்டீயும் ஊத்தின,” என்றார், திரும்பாமல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“இண்டைக்கும் செவப்பாத்தான் போன யோகா. மூணு நாளா போகுது. நேத்து கட்டி கட்டியா வந்த. வீட்டுல பாத்திமாக்கும் செல்லல்ல.”

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். ‘தசைக்குள் போகவில்லை’ என்ற அந்த வரி அவருடைய தாளிலும் இருக்க வேண்டும் என்பதைத் தவிர என் மனதில் ஒன்றும் இல்லை. பொறுப்பதிகாரியிடம் போய் இரண்டு பேருக்கும் அரை நாள் லீவு கேட்டேன். காரணம் கேட்காமல் தலையாட்டினார்.

வெளியே நிஸாம் நானாவின் சொந்த முச்சக்கரவண்டி நின்றது. அதை அவர் மகனுக்குக்கூட ஓட்டக் கொடுத்ததில்லை. ஆஸ்பத்திரி அங்கிருந்து அதிக தூரமும் இல்லை. பழக்கத்தில் நான் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அவர் ஏறவில்லை. வெளியே நின்றபடி சாவியை என் பக்கம் நீட்டினார்.

“நீ ஓட்டு யோகா. இண்டைக்கு நான் பின்னால ஈக்கிறன்.”

நான் இறங்கி முன்னால் போய் உட்கார்ந்தேன்.